முகம் தெரியும்படி

நல்ல காரியம் செய்கிறவர்களைக் கண்டாலே எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். அதையும் கையில் மைக்கோடு செய்தால் கேட்கவே வேண்டாம். எங்கள் பார்சல் கிடங்கின் கணக்குப் பிரிவில் ஒரு அம்மா இருக்கிறார். கூட்டம் என்று ஒன்று கூடிவிட்டால் அவர் கையிலிருந்து மைக்கைப் பிடுங்க இரண்டு பேர் வேண்டும். அதனால் அவருக்குப் பெயரே மைக்கம்மா. இந்த வருஷ உணவுப் பெட்டித் திட்டத்துக்கும் அவர்தான் தலைவி. நான் லேபிள் ஒட்டுகிற பிரிவில் இருப்பதால், 'பெட்டிக்கு லேபிள் ஒட்ட ஆள் வேணுமே' என்று என்னையும் குழுவில் இழுத்துப் போட்டுவிட்டார்கள்.

திட்டம் இதுதான். கிடங்கில் வேலை செய்கிற எல்லோரும் சம்பளத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும். முடிந்தவர்கள் வீட்டிலிருந்து அரிசி, பருப்பு, எண்ணெய் கொண்டுவந்து கேன்டீன் வாசலில் வைத்திருக்கும் பெரிய பீப்பாயில் போட வேண்டும். சேர்ந்த பணத்தில் பால்மாவு மாதிரி மிச்சச் சாமான் வாங்கி, ஒரே மாதிரிப் பெட்டிகளாகக் கட்டி, கஷ்டப்படுகிற குடும்பங்களுக்கு எங்கள் வேன்களிலேயே அனுப்ப வேண்டும். ஊழியர்கள் போட்ட அளவுக்குத் தலைமை அலுவலகமும் போடும். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை இருந்தது.

"வாங்கறவங்க முகம் போட்டோவுல தெரியணும்," என்றார் மைக்கம்மா.

"வாசல்ல பெட்டியை வெச்சு ஒரு போட்டோ எடுத்தா போதாதா? தினமும் அப்படித்தானே எடுக்கறோம்?" என்றேன்.

"அது சரக்கும்மா. இது சேவை. முகம் இருந்தாத்தான் மேலிடத்துல நம்புவாங்க."

"பசிக்குதுன்னு சொன்னா நம்ப மாட்டாங்களா? பல்லையும் காட்டணுமா?"

மேலாளர் பேனாவால் மேசையைத் தட்டினார். "உனக்கு எதுக்கெடுத்தாலும் ஒரு குத்தல். வேற ஏதாவது உருப்படியா இருந்தா சொல்லு."

சொன்னேன். எங்கள் டிரைவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வேன் தெருவில் நுழைந்ததுமே 'பார்சல்!' என்று தொண்டை கிழியக் கத்துவார்கள். ஒரு வீட்டுக்குப் பார்சல் வந்தால் பத்து வீட்டு ஜன்னல் திறக்கும். இந்தப் பெட்டிகளுக்காவது கத்தக் கூடாது, கதவை மெதுவாகத் தட்டிக் கொடுக்க வேண்டும் என்றேன். வாங்குகிறவர்களுக்கும் மானம் மரியாதை இருக்குமே. மைக்கம்மாவுக்கு அது பிடித்துப்போனது. அப்போதே எல்லா டிரைவர்களுக்கும் சொல்லியனுப்பினார். அந்தக் கூட்டத்தில் நான் ஜெயித்தது அது ஒன்றுதான்.

இவ்வளவு மல்லுக்கட்டியதற்குக் காரணம் இருக்கிறது. அந்தப் பெட்டிகளில் ஒன்று என் அண்ணன் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது.

அண்ணன் இதே கிடங்கில் வேன் ஓட்டியவன். மூட்டை ஏற்றும்போது முதுகு பிடித்து, படுத்து, எழுந்து, மறுபடி படுத்து, கடைசியில் 'ஓய்வெடுங்க' என்று ஒரு சால்வையைப் போர்த்தி அனுப்பிவிட்டார்கள். போன நாளிலிருந்து பழைய சிநேகிதர்கள் யாரைப் பார்த்தாலும், ஒரு டூரிஸ்ட் கம்பெனியில் மேற்பார்வை வேலை, உட்கார்ந்தே பார்க்கிற வேலை, முன்னைவிட நல்ல சம்பளம் என்று அளந்துவிட்டான். டூரிஸ்டும் கிடையாது, கம்பெனியும் கிடையாது. மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியதும் சட்டையை மாட்டிக்கொண்டு வேலை தேடிப் போவான், இருட்டுகிற நேரத்துக்குத் திரும்பி வருவான். இருந்த வீட்டைக் காலி செய்துவிட்டு ஒரு வெல்டிங் பட்டறையின் பின்னால் ஒற்றை அறைக்குக் குடிபோனார்கள். அது கிடங்கில் ஒருவருக்கும் தெரியாது.

நான் இருக்கிறேனே, நான் கொடுக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். கொடுத்தேன். வாங்கினான். ஒரு நாள் அவன் என் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, உள்ளே என் வீட்டுக்காரர், "உங்கண்ணனுக்கு நம்ம வீடு என்ன மளிகைக் கடையா?" என்று கேட்டுவிட்டார். கழற்றிய செருப்பை அண்ணன் மறுபடி மாட்டிக்கொண்ட சத்தம் எனக்குக் கேட்டது. அதற்குப் பிறகு நான் ஒரு பிடி அரிசி கொண்டுபோனாலும் 'வேண்டாம்' என்பான். ஒரு தடவை நான் பிடிவாதமாக வைத்துவிட்டு வந்த பையைப் பட்டறை வாசலில் கொண்டுபோய் வைத்துவிட்டான். வெல்டர் எடுத்துக்கொண்டார். அன்றைக்கு அவன்மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் முழுசாகப் போகவில்லை.

பெட்டி விஷயத்தைக் கேட்டது அண்ணிதான். மூத்தவள் பள்ளிக்கூடம் போகிறாள், சின்னது கைக்குழந்தை. அண்ணிக்குப் பால் வற்றிப்போயிருந்தது.

"உங்க கம்பெனியில ஏதோ பெட்டி குடுக்கறாங்களாமே. எங்க பேரையும் சேர்த்துவிடறியா?" என்று போனில் கேட்டார். குரல் பக்கத்துச் சுவருக்குக் கேட்டுவிடுமோ என்கிற மாதிரி இருந்தது.

"அண்ணன் ஒத்துப்பாரா அண்ணி?"

"அவருக்குத் தெரிய வேணாம். அவர் வெளிய போன பிறகு வந்தா நான் வாங்கி உள்ள வெச்சிடறேன். போட்டோவுக்கு நான் நின்னுக்கறேன். என்னை யாருக்குத் தெரியும் அங்க?"

எனக்கு மனசே இல்லை. ஆனால் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு கேட்கிற ஒருத்தியிடம் என்ன நியாயம் பேசுவது? சரி என்றேன். எவ்வளவு ஜாக்கிரதையாகச் செய்ய முடியுமோ அவ்வளவு ஜாக்கிரதையாகச் செய்தேன். லேபிளில் அண்ணியின் பிறந்த வீட்டுப் பெயரைப் போட்டேன். அந்தத் தெரு ஹாரனுடையது. ஹாரன் என்பது அண்ணனோடு ஒரே வேனில் காலம் தள்ளிய சிநேகிதருக்கு நாங்கள் வைத்த பெயர். அவர் 'பார்சல்!' என்று கத்தினால் மூன்று தெரு தள்ளித் தூங்குகிறவர்கள்கூட எழுந்துகொள்வார்கள். அந்தக் குரல் தெருமுனையில் கேட்டாலே அண்ணன் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்துவிடுவானாம், அண்ணி சொல்லியிருக்கிறார். அதனால் பெட்டியை ஹாரனிடம் கொடுக்கவில்லை. புது டிரைவர் ஒருவர் வந்திருந்தார், முன்பு தையல்காரராக இருந்தவர். அவருக்கு அண்ணன் யாரென்றே தெரியாது. அவர் வேன் அந்தப் பக்கம் போகவே மதியம் தாண்டிவிடும். அவர் பெட்டிகளோடு இதையும் ஏற்றினேன்.

என் கணக்கெல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் டிரைவர்களுக்குள் இன்னொரு வழக்கம் உண்டு. லேபிள் ஒட்டுகிற எனக்கு அது நினைவுக்கு வரவில்லை. ஒருவர் தெருவுக்குள் இன்னொருவர் வேன் போகாது. தப்பித்தவறி அடுத்தவர் தெருவுக்கான பார்சல் நம் வேனில் ஏறிவிட்டால், கேட்டிலேயே இறக்கி அந்தத் தெருக்காரரிடம் கொடுத்துவிட வேண்டும். கொடுக்காவிட்டால் அவர் பிழைப்பில் கை வைத்த மாதிரி. புது டிரைவருக்கு இதை ஹாரனே உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். அவரும் நல்ல பிள்ளையாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

பெட்டிகள் கிளம்பிய அன்று காலை கேன்டீனில் சின்ன விழா. தலைமை அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள். சுவரில் ஒரு பெரிய திரை. டிரைவர் பெட்டியைக் கொடுத்துப் போட்டோ எடுத்ததும் அது நேராக அந்தத் திரையில் வந்து விழுகிற மாதிரி ஏற்பாடு. ஒவ்வொரு முகம் வரும்போதும் மைக்கம்மா, "இதோ இன்னொரு குடும்பம்!" என்பார். எல்லோரும் கைதட்ட வேண்டும். ஒரு வயசான அம்மா கண்ணைச் சுருக்கிக்கொண்டு வந்தார். கைதட்டினார்கள். ஊன்றுகோலோடு ஒருத்தர் தலையைத் திருப்பிக்கொண்டு வந்தார். அதற்கும் தட்டினார்கள். நான் ஓரமாக நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் வீட்டுக்கு இன்னும் நேரம் இருக்கிறது, அண்ணி முகம் வரும்போது மட்டும் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்து வந்தது அண்ணன் முகம்.

பாதி திறந்த கதவு. தோளில் கிழிந்த பனியன். தாடி. வாய் ஏதோ சொல்லத் திறந்திருக்கிறது. பின்னால் கயிற்றில் காயும் குழந்தைத் துணி. எல்லாம் பளிச்சென்று சுவர் அளவுக்குத் தெரிந்தது.

இரண்டு கைகள் தட்ட ஆரம்பித்து நின்றன. "அட, இது நம்ம ஆளுல்ல?" என்றார் ஒருவர். "டூரிஸ்ட் கம்பெனியில மேற்பார்வைன்னு சொன்னானே?" என்றார் இன்னொருவர். யாரோ சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தோடு சிரித்ததாகச் சொல்ல மாட்டேன், ஆனால் சிரித்தார்கள். மைக்கம்மா முதல் தடவையாகத் தானே மைக்கைக் கீழே வைத்தார். மேலாளர் மட்டும் வந்திருந்தவர்களிடம், "நம்ம பழைய ஊழியரையும் நாம கைவிடலை பாருங்க," என்று குழைந்தார்.

நான் போய்த் திரையின் ஒயரைப் பிடுங்கினேன். என்ன செய்கிறேன் என்று யோசிக்கவில்லை. மேலாளர் முகத்தில் ஈயாடவில்லை. வந்திருந்தவர்களில் ஒருவர், "கரண்ட் போச்சா?" என்று கேட்டார்.

மதியம் ஹாரன் என்னைத் தேடி வந்தார். அவ்வளவு பெரிய குரல் எங்கே போனதென்று தெரியவில்லை.

"எனக்குத் தெரியாதும்மா. லேபிள்ல வேற பேரு. அந்தப் புது ஆளு கேட்ல குடுத்தாரு, என் தெருவாச்சேன்னு வாங்கி, காலையிலேயே கொண்டுபோயிட்டேன். கத்தக் கூடாதுன்னாங்கன்னு மெதுவா தட்டினேன். கதவு திறந்ததும் விரல் தானா அமுக்கிடுச்சு. தினமும் அமுக்கற விரல்தானே, அதுக்கு என்ன தெரியும்? அப்புறம்தான் கண்ணு பார்த்துச்சு."

"அண்ணன் என்ன சொன்னாரு?"

"'நீயா மச்சான்'னு கேட்டான். பெட்டியை நீட்டினேன். வாங்கிட்டுக் கதவைச் சாத்திட்டான்." சொல்லிவிட்டு முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அண்ணி தண்ணீர் பிடிக்கப் போயிருந்த நேரமாம் அது. வழக்கம்போல ஹாரன் கத்தியிருந்தால் அண்ணன் கதவைத் திறந்திருக்கவே மாட்டான். கத்தக் கூடாது என்று ஒற்றைக் காலில் நின்று வாதாடியவள் நான்.

வேலை முடிந்ததும் நேராக அவர்கள் அறைக்குப் போனேன். பெட்டி கதவுக்குப் பக்கத்தில் வைத்தது வைத்தபடி இருந்தது. அண்ணன் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். அண்ணி என்னைப் பார்த்துக் கண்ணாலேயே 'ஒன்றும் பேசாதே' என்றார். பேசாமல் இருக்க என்னால் எப்போது முடிந்திருக்கிறது?

"கோவம் இருந்தா என்மேல காட்டு. பெட்டிமேல எதுக்குக் காட்டறே?" என்றேன்.

"காலையில நானே கொண்டுபோய்க் குடுத்துடுவேன்."

"பிள்ளைங்க என்ன பாவம் பண்ணுச்சு?"

"யாரும் அதைத் தொடக் கூடாது," என்றான். என்னிடம் சொல்லவில்லை, அறைக்கே பொதுவாகச் சொன்னான். மூத்தவள் பெட்டியின் பக்கத்திலிருந்து எழுந்து அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள். கைக்குழந்தை அழுதது. ஓங்கி அழக்கூடத் தெம்பில்லாத அழுகை. அதைக் கேட்டுக்கொண்டு அங்கே உட்கார என்னால் முடியவில்லை. இவ்வளவு வீம்பு பிடித்தவனோடு பிறந்தேனே என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். திட்டிக்கொண்டேதான் அழுதேன்.

மறுநாள் காலை, வேன்களில் சரக்கு ஏற்றுகிற நேரம். எல்லோரும் கிடங்கில் இருக்கிற நேரம். அதையே தேர்ந்தெடுத்து வந்திருந்தான். முகம் மழித்து, சால்வை போர்த்திய நாளில் போட்டிருந்த அதே சட்டையைத் தேய்த்துப் போட்டிருந்தான். பெட்டியைத் தோளில் சுமந்து வந்து, வாடிக்கையாளர்கள் நிற்கிற வரிசையில் நின்றான். வலி தெரியாமலிருக்க நிமிர்ந்து நின்ற நிற்பு எனக்கு மட்டும் புரிந்தது. ஏற்றுகிறவர்கள் ஏற்றுவதை நிறுத்திவிட்டார்கள். ஹாரன் வேன் கதவைப் பிடித்தபடி நின்றார்.

"இது தப்பான அட்ரஸுக்கு வந்திடுச்சு. திருப்பி எடுத்துக்கோங்க," என்றான் கவுண்டரில் இருந்த பெண்ணிடம், எல்லோருக்கும் கேட்கும்படி.

அந்தப் பெண்ணுக்கு அவனைத் தெரியும். பாவம், மறுபேச்சு பேசாமல் வாங்கிக்கொண்டாள். திரும்பி வருகிற எதையும் எடை போட்டுத்தான் வாங்க வேண்டும், அது இங்கே சட்டம். கை தன்பாட்டுக்குப் பெட்டியை எடை மெஷினில் வைத்துவிட்டது. மெஷின் கீச்சென்று கத்தியது.

"எடை குறையுதுண்ணே," என்றாள் மெதுவாக. "பிரிச்சீங்களா?"

"பிரிக்கவே இல்லை. வந்தது வந்தபடி இருக்கு. நல்லாப் பாரு."

"இல்லண்ணே, லேபிள்ல இருக்கறதைவிட..."

"ஏம்மா, நான் இங்க வேலை பார்த்தவன். அடுத்தவங்க பார்சல்ல கை வைக்கிறவனா நானு?" குரல் ஏறியது. மேலாளர் கண்ணாடி அறையிலிருந்து வெளியே வந்தார்.

அந்தப் பெண் பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தாள். மேல்பக்கம் கிடங்கின் டேப் அப்படியே இருந்தது. அடிப்பக்கத்து டேப்பை யாரோ நகத்தால் கிளப்பி, மறுபடி ஒட்டியிருந்தார்கள். ஒட்டியிருந்தது பள்ளிக்கூடப் புத்தகத்துக்கு அட்டை போடுகிற மெல்லிய டேப். சுருக்கமில்லாமல், அவ்வளவு பொறுமையாக ஒட்டியிருந்தது. அவள் அதைப் பிரித்து உள்ளே பார்த்தாள். அரிசி இருந்தது, பருப்பு இருந்தது, எண்ணெய் இருந்தது. பால்மாவு டின் இருக்க வேண்டிய மூலை காலி.

அண்ணன் அந்த டேப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகம் மாறியதை நான் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

"அது நான்தான்," என்றார் ஹாரன். வேன் கதவை விட்டுவிட்டு வந்திருந்தார். "வண்டியில டின்னு நசுங்கிருச்சு. நான்தான் பிரிச்சு எடுத்துப் போட்டேன். சொல்ல மறந்துட்டேன்."

"பிரிச்சியா?" என்றார் மேலாளர். "ஏத்தின பெட்டியை டிரைவர் பிரிச்சா என்ன ஆகும்னு தெரியும்ல உனக்கு?"

தெரியும். எங்கள் எல்லோருக்கும் தெரியும். பார்சலைப் பிரித்த டிரைவரை அன்றைக்கே அனுப்பிவிடுவார்கள். ஹாரன் தலையைக் குனிந்துகொண்டு, "தெரியும் சார்," என்றார்.

அண்ணன் சிநேகிதரைப் பார்த்தான். அப்புறம் சுற்றி நின்றவர்கள் ஒவ்வொருவரையும் பார்த்தான். ஒரு நாளும் யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாது என்று எதை அவன் இத்தனை நாள் பொத்திப் பொத்தி வைத்திருந்தானோ, அதைத் தன் வாயாலேயே சொன்னான்.

"அவன் பொய் சொல்றான் சார். என் பொண்டாட்டிதான் எடுத்திருக்கா. குழந்தைக்குப் பால் இல்லை. எங்க வீட்டுல ஒண்ணும் இல்லை."

மேலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு கண்ணாடி அறைக்குள் போய்விட்டார். கவுண்டர் பெண் பெட்டியை மூடி, கிடங்கின் நல்ல டேப்பை எடுத்து அடியில் ஒட்டி, அவன் பக்கமாகத் தள்ளினாள். அவன் தள்ளிவிடுவான் என்று நினைத்தேன். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

நான் உள்ளேயிருந்து வெளியே வந்து அவன் பக்கத்தில் நின்றேன். என்னைத் திட்டட்டும், அடிக்கட்டும் என்றுதான் வந்தேன். அவன் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. மற்றவர்களுக்குக் கேட்காமல், ஏதோ அலுவலகத்தில் தெரியாத ஆளிடம் விசாரிக்கிற மாதிரிக் கேட்டான்.

"அடுத்த மாசமும் இது உண்டா?"

"வருஷத்துக்கு ஒரு தடவைதாண்ணே," என்றேன்.

"சரி," என்றான்.

பெட்டியைத் தூக்கக் குனிந்தவனுக்கு முதுகு பிடித்துக்கொண்டது, அப்படியே நின்றுவிட்டான். ஹாரன் வந்து இன்னொரு பக்கத்தைப் பிடித்தார். நான் நடுவில் கை கொடுத்தேன். அண்ணன் வேண்டாம் என்று சொல்லவில்லை.